மஸ்டாங் வேண்டாம், கார்வேர் வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் ஜெர்மனியில் வசிப்பவர். பழைய அமெரிக்கக் கார் ஒன்று வாங்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. யாரைக் கேட்டாலும் ஃபோர்டு மஸ்டாங் என்கிறார்களாம். அவர் கண்ணில் பட்டதோ 1960களின் செவ்ரோலெட் கார்வேர், மஸ்டாங்கைவிட மலிவான விலையில். அது ஆளைக் கொல்லும் கார் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். அந்தக் காரை ஐரோப்பாவில் வைத்திருப்பதில் அப்படி என்ன இருக்கிறது, அது உண்மையிலேயே ஆபத்தானதா, ஆல்ப்ஸைத் தாண்டி இத்தாலிவரை ஓட்டிப்போக முடியுமா என்பவை அவருடைய மூன்று கேள்விகள்.

வாங்கலாம். அமெரிக்காவில் இருப்பவர் கேட்டிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பேன். ஐரோப்பாவில் இருப்பவர் என்பதால் யோசிக்காமல் சொல்கிறேன். கார்வேர், அமெரிக்கர்கள் ஐரோப்பியச் சிந்தனையில் செய்து பார்த்த கார். சொந்த ஊரில் அதைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் குறைவு. இங்கே அதற்கு அண்ணன் தம்பிகள் நிறைய.

1950களின் முடிவில் அமெரிக்காவில் விற்ற புதுக் கார்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று வெளிநாட்டுக் கார். அவற்றில் முதலிடம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு. ஆண்டுக்காண்டு காரை நீட்டி, அகலப்படுத்தி, வாலில் துடுப்பு வைத்து விற்றுக்கொண்டிருந்த டெட்ராய்ட் அப்போதுதான் விழித்துக்கொண்டது. 1959 இலையுதிர் காலத்தில் மூன்று பெரிய நிறுவனங்களும் ஆளுக்கொரு சிறிய காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. ஃபோர்டின் ஃபால்கனும் கிரைஸ்லரின் வேலியன்டும் வழக்கமான அமெரிக்கக் காரின் சுருக்கப் பதிப்புகள்தான். முன்னால் எஞ்சின், நடுவில் நீண்ட தண்டு, பின்னால் இரும்பு அச்சு. வேலியன்டின் சாய்ந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் அருமையான எஞ்சின், அதை மறுக்கவில்லை. ஆனால் காரின் அடிப்படையில் புதுமை ஏதும் கிடையாது.

செவ்ரோலெட்டின் தலைமைப் பொறுப்பிலிருந்த எட் கோல் வேறு தினுசான ஆள். அவர் கொண்டுவந்த கார்வேரில் எஞ்சின் பின்னால் இருந்தது. இருபுறமும் மும்மூன்றாகப் படுத்த ஆறு சிலிண்டர்கள், அலுமினிய உடல், காற்றாலேயே குளிர்ச்சி, ரேடியேட்டர் கிடையாது. நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். சட்டகம் தனி, உடல் தனி என்றில்லாத ஒரே கூடு. 2.3 லிட்டர் எஞ்சின், தொடக்கத்தில் 80 குதிரைத்திறன். காற்றால் குளிரும் ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பின்னால் வைத்த போர்ஷே 911 சந்தைக்கு வந்தது 1964இல். கார்வேர் அதற்கு ஐந்து ஆண்டுகள் மூத்தது. இதை வைத்துக் கார்வேரை 'ஏழையின் போர்ஷே' என்று அழைப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பட்டம் பிடிப்பதில்லை. இரண்டுக்கும் நோக்கமே வேறு. கார்வேர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துப்போகச் செய்த கார்.

அமெரிக்க வாடிக்கையாளர் என்ன செய்தார்? ஃபால்கனை வாங்கினார். முதல் ஆண்டில் ஃபால்கன் நான்கு லட்சத்துக்கு மேல் விற்றது, கார்வேர் இரண்டரை லட்சம். தெருமுனை மெக்கானிக்குக் கார்வேரின் பின்மூடியைத் திறந்தால் ஒன்றும் புரியவில்லை. செவ்ரோலெட்டே பயந்துபோய் 1962க்குள் ஃபால்கனைப் போலவே செவி டூ என்ற சாதுவான காரைக் கொண்டுவந்துவிட்டது. கார்வேரைக் காப்பாற்றியது மோன்சா என்ற வகை. தனித்தனி முன்னிருக்கைகள், நல்ல உள் அலங்காரம், இரண்டு கதவு. சிறிய கார் என்றால் சிக்கனக் கார் என்று நினைத்திருந்தவர்களுக்கு, சிறிய காரை ஆசைக்காகவும் வாங்குவார்கள் என்று காட்டியது அதுதான். ஃபோர்டு அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டு, ஃபால்கனின் பாகங்களை எடுத்து அழகான உடலைப் போர்த்தி 1964 ஏப்ரலில் வெளியிட்ட காரின் பெயர் மஸ்டாங். உங்கள் நண்பர்கள் பரிந்துரைக்கும் கார் பிறந்ததற்கே கார்வேர் ஒரு காரணம் என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி ஐரோப்பாவுக்கு வருவோம். 1960இல் இங்கே பின்னால் எஞ்சின் வைத்த கார் வேடிக்கைப் பொருளல்ல. பீட்டில், ரெனோ டோஃபின், ஃபியட் 600 எல்லாம் அப்படித்தான். அடுத்தடுத்து சிம்கா 1000, என்எஸ்யு பிரின்ஸ் 4, ஹில்மன் இம்ப் வந்தன. பொறியியலில் கார்வேர் ஐரோப்பாவைப் பின்பற்றியது. தோற்றத்தில் ஐரோப்பா கார்வேரைப் பின்பற்றியது. கார்வேரின் உடலைச் சுற்றி, இடுப்பு உயரத்தில், முன்விளக்கின் மேலிருந்து பின்விளக்கின் மேல்வரை ஒரு விளிம்புக் கோடு ஓடும். வாலில் துடுப்பு இல்லை, பக்கங்களில் குரோமியம் அதிகமில்லை. 1961இல் வந்த என்எஸ்யு பிரின்ஸ் 4 அந்தக் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. மூன்றரை மீட்டர்கூட நீளமில்லாத அந்தக் காரைப் பார்த்தால் கார்வேர் சலவையில் சுருங்கிவிட்டதோ என்று தோன்றும். ஹில்மன் இம்பிலும் அதே சாயல். சோவியத் ஒன்றியத்தின் ஸபரோஷெட்ஸ் 966 வரை அந்தக் கோடு போயிருக்கிறது. டெட்ராய்ட்டில் வரைந்த ஒரு கோடு கம்யூனிஸ்ட் நாட்டுத் தொழிற்சாலை வரை பயணம் செய்தது எனக்கு எப்போதும் வியப்பு. பழைய கார் கண்காட்சிகளில் வாய்ப்புக் கிடைத்தால் கார்வேரை ஒரு பிரின்ஸ் பக்கத்தில் நிறுத்துங்கள். எதிரில் நிற்கும் மஸ்டாங் வரிசையைவிட அங்கேதான் பேச்சு நடக்கும்.

என்னிடம் இருப்பது 1964 மோன்சா. எரிபொருள் நிரப்ப நிறுத்தினால் வந்து பேசுபவர்கள் பெரும்பாலும் வாழ்நாளெல்லாம் பீட்டிலோடு பழகிய முதியவர்கள். பின்மூடியைத் தூக்கிக் காட்டினால் விளக்கம் எதுவும் தேவைப்படாது. சிலிண்டர்கள் எங்கே, எண்ணெய்க் குளிர்விப்பான் எங்கே, காற்று எந்த வழியாக உள்ளே போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று அவர்களே விரலால் காட்டிக்கொண்டு போவார்கள். எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் வைத்த காரென்றால் ஒலியைப் பாராட்டிவிட்டுப் போவார்கள், இந்தக் காரென்றால் நின்று பேசுவார்கள்.

அளவும் ஒரு காரணம். அமெரிக்கர்கள் கச்சிதமானது என்று சொன்ன கார், ஐரோப்பியக் கணக்கில் நல்ல குடும்பக் கார். நீளம் 4.57 மீட்டர், அகலம் 1.70 மீட்டர். இன்றைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபைவிட நீளத்தில் முப்பது சென்டிமீட்டர் அதிகம், அகலத்தில் அதைவிடக் குறைவு. பழைய ஊர்களின் சந்துகளிலும் அடுக்கு வாகன நிறுத்தங்களிலும் தொல்லைப்படுத்துவது அகலம்தான், நீளமல்ல. அதே 1960இல் வந்த செவ்ரோலெட் இம்பாலாவின் நீளம் 5.35 மீட்டர். அதை வாங்கி, நிறுத்த இடம் தேடியே வார இறுதியைக் கழிப்பவர்களை எனக்குத் தெரியும்.

ஓட்டும்போது முன்பக்கம் இலேசாக இருப்பதால் பவர் ஸ்டீயரிங் இல்லாமலே திருப்புவது எளிது. எஞ்சினின் ஓசை பின்னால் தங்கிவிடுகிறது. இரண்டே கியர் கொண்ட பவர்கிளைடு தானியங்கிப் பெட்டி பலவற்றில் இருக்கும். நகரத்துக்கு அது போதும், மலைக்கு நான்கு கியர் கைப்பெட்டிதான் நல்லது. நூறு கிலோமீட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் குடிக்கும். அமெரிக்க வி8 குடிப்பதோடு ஒப்பிட்டால் இது பத்தியச் சாப்பாடு.

சரி, ஆபத்து. இதை அவசரமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது.

1960 முதல் 1964 வரையிலான கார்வேர்களின் பின்சக்கரங்கள் ஸ்விங் ஆக்சில் என்ற அமைப்பில் இருந்தன. ஒவ்வொரு சக்கரத்தின் அச்சும் கியர்ப்பெட்டிக்குப் பக்கத்தில் மட்டும் மடங்கும். வளைவில் மிக வேகமாகத் திரும்பினால் காரின் பின்பகுதி மேலெழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் காருக்கு அடியில் மடங்கப் பார்க்கும். டயர் தரையைத் தொடும் பரப்பு சட்டென்று குறையும். எடையில் அறுபது சதவீதத்துக்கு மேல் பின்னால் இருப்பதால், பிடி நழுவியதும் பின்பகுதி முந்திக்கொண்டு வரும். சுத்தியலைக் கைப்பிடி முன்னால் இருக்கும்படி எறிந்து பாருங்கள், தலைப்பகுதி எப்படிச் சுழன்று முன்னால் வருகிறது என்று புரியும். வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இது இன்னும் விரைவாக நடக்கும்.

இதைத் தடுக்க முன்பக்கத்தில் ஒரு சாய்வுத் தடுப்புக் கம்பி வைத்திருக்கலாம். செலவை மிச்சப்படுத்த அதை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் டயரின் காற்றழுத்தத்தை வைத்துச் சமாளித்தார்கள். முன்னால் 15 பவுண்டு, பின்னால் 26. இங்கத்திய அளவில் சொன்னால் ஏறத்தாழ 1.0, 1.8 பார். முன்டயர்கள் மெத்தென்று இருந்தால் வளைவில் முதலில் முன்பக்கம் நழுவும், ஓட்டுநர் எச்சரிக்கையாகிவிடுவார் என்பது கணக்கு. தாளில் சரியான கணக்கு. பெட்ரோல் நிலையத்துப் பையன் நான்கு டயருக்கும் ஒரே அளவில் காற்றடித்துவிட்டால் பாதுகாப்பு அத்தோடு போயிற்று. எந்தப் பையனும் அப்படித்தான் அடிப்பான். ஒரு காரின் பாதுகாப்பை உரிமையாளர் கையேட்டில் உள்ள ஓர் எண்ணிடம் ஒப்படைத்தது பொறுப்பற்ற வேலை. இதில் செவ்ரோலெட்டுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன்.

1965 நவம்பரில் வழக்கறிஞர் ரால்ஃப் நேடர் எழுதிய 'எந்த வேகத்திலும் ஆபத்து' என்ற நூல் வந்தது. முதல் அத்தியாயமே கார்வேர். செவ்ரோலெட்டின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் பதில் சொல்வதை விட்டுவிட்டு, நேடரின் பின்னால் துப்பறிவாளர்களை அனுப்பியது. விஷயம் வெளிவந்து, 1966 மார்ச்சில் அதன் தலைவர் ஜேம்ஸ் ரோச் செனட் துணைக்குழு முன்பு மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே ஆண்டு அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. நல்ல சட்டம், பல உயிர்களைக் காப்பாற்றியது. நேடர் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த நூலைப் படிக்காதவர்களுக்கும் கார்வேர் என்ற பெயர் மட்டும் மனத்தில் தங்கிவிட்டது. நூலின் மற்ற அத்தியாயங்கள் மற்ற கார்களையும் ஒட்டுமொத்தத் தொழிலையும் சாடுகின்றன என்பது யாருக்கும் நினைவில்லை.

நூல் வந்தபோது அது குற்றம் சாட்டிய அமைப்பு உற்பத்தியிலேயே இல்லை. 1964 மாடலிலேயே முன்னால் தடுப்புக் கம்பியும் பின்னால் குறுக்கு வில்லும் சேர்த்துவிட்டார்கள். 1965 மாடலில் ஸ்விங் ஆக்சிலையே தூக்கிப்போட்டுவிட்டு, இருபுறமும் மடங்கும் அச்சுகள் கொண்ட முற்றிலும் புதிய பின் சஸ்பென்ஷன் வந்தது. பிறகு அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு, 1960 முதல் 1963 வரையிலான பழைய வகையையே எடுத்து, ஃபால்கன், வேலியன்ட், பீட்டில், ரெனோ ஆகியவற்றோடு சேர்த்துச் சோதித்தது. அதே காலத்தின் பிற கார்களைவிடக் கார்வேர் கட்டுப்பாடு இழக்கும் வாய்ப்பு அதிகம் உள்ளதல்ல என்று 1972இல் அறிக்கை வந்தது. கார் செத்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. கடைசிக் கார்வேர் மிச்சிகனின் வில்லோ ரன் தொழிற்சாலையிலிருந்து 1969 மேயில் வெளியேறிவிட்டது. பத்து ஆண்டுகளில் மொத்தம் பதினேழு லட்சத்துக்கு மேல் செய்திருக்கிறார்கள். இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கார்வேரைக் கொன்றது நேடரின் நூல்தான் என்ற கதையையும் நான் முழுதாக நம்புவதில்லை. மலிவான மஸ்டாங்கில் வி8 வைக்க முடிந்தது. கார்வேரின் பின்புறத்தில் அது நுழையாது. பந்தயம் அங்கேயே முடிந்தது.

ஆக, உங்களுக்கான பதில்: 1965 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால் சாலைப்பிடியைப் பற்றிக் கவலையே வேண்டாம், அந்தக் காலத்து அமெரிக்கக் கார்களில் வளைவில் அதற்கு ஈடு சொல்வது கடினம். 1964 என்றாலும் நல்லதே. அதற்கு முந்தையது என்றால் பீட்டில் ஓட்டும் அறிவு போதும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், நடுவில் காலை எடுக்காதீர்கள், டயர் அழுத்த வித்தியாசத்தை விடாதீர்கள். ரேடியல் டயர் போட்டவர்கள் இரண்டு எண்களையும் சற்றுக் கூட்டிவைப்பார்கள், வித்தியாசத்தைக் குறைக்க மாட்டார்கள். பெல்ட்டும் காற்றுப்பையும் இல்லாத அறுபது ஆண்டுப் பழைய எந்தக் காரும் இன்றைய மோதலைத் தாங்காது. அது மஸ்டாங்குக்கும் பொருந்தும். மூன்று முனைப் பெல்ட் பொருத்திக்கொள்ளுங்கள்.

பராமரிப்பில் எனக்குக் கார்வேர்மேல் இரண்டு மனத்தாங்கல் உண்டு. ஒன்று எண்ணெய்க் கசிவு. வால்வைத் தள்ளும் கம்பிகளுக்கு உறையாக இருக்கும் குழாய்களின் ரப்பர் வளையங்கள் சூட்டில் இறுகி ஒழுகும். சூடு தாங்கும் விட்டான் ரப்பர் வளையம் மாற்றினால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை. இதை அலட்சியமாக விடக்கூடாது, ஏனென்றால் பெரும்பாலான கார்வேர்களில் குளிருக்கு உள்ளே வரும் சூடான காற்று சிலிண்டர்களைத் தழுவித்தான் வருகிறது. ஒழுகும் எண்ணெயின் புகையும், புகைக்குழாய் இணைப்பு தளர்ந்திருந்தால் கார்பன் மோனாக்சைடும் அதோடு சேர்ந்து உள்ளே வரும். பார்க்கப் போகும்போது ஹீட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணாடிகளை ஏற்றி ஐந்து நிமிடம் உட்காருங்கள். மூக்கே சொல்லிவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையில்லை என்பதால் மலிவான எச்சரிக்கைக் கருவி ஒன்றையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றது விசிறி பெல்ட். விசிறி எஞ்சின் தலையில் படுத்த வாக்கில் சுழல்கிறது, அதை ஓட்டும் கப்பி பின்னால் செங்குத்தாக நிற்கிறது. நடுவில் பெல்ட் இரண்டு சிறு கப்பிகள்மேல் ஏறித் தொண்ணூறு பாகை திரும்பிப் போகிறது. அளவுக்கு மீறி இறுக்கினால் விசிறியின் பேரிங் போகும், தளர்ந்தால் பெல்ட் கழன்றுவிடும். பெல்ட் போனால் குளிர்ச்சியும் போயிற்று. ஜெனரேட்டரையும் அதே பெல்ட்தான் ஓட்டுகிறது, அதன் விளக்கு எரிந்த கணமே ஓரங்கட்டிவிட வேண்டும். 'அடுத்த ஊர்வரை போய்விடலாம்' என்ற நினைப்பில் எஞ்சினை எரித்தவர்கள் உண்டு. அப்படிச் சூடேறிய எஞ்சினில், குறிப்பாக நான்கு கார்புரேட்டர் கொண்ட 140 குதிரைத்திறன் வகையில், வால்வின் இருக்கை வளையம் அலுமினியத் தலையிலிருந்து கழன்று விழும். செலவு வயிற்றைக் கலக்கும்.

இவற்றைத் தவிர எஞ்சின் உழைப்பாளி. அமெரிக்காவில் வீட்டிலேயே சிறு விமானம் கட்டுபவர்கள் இதைத் தேடிப் பிடித்துப் பறக்கவிடுகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். உதிரிபாகமும் நீங்கள் பயப்படும் அளவுக்கு அரிதல்ல. கார்வேர் உரிமையாளர்களின் சங்கம் 1969இலேயே தொடங்கிவிட்டது. கார்வேர் பாகங்களை மட்டுமே விற்றுப் பிழைக்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. எஞ்சின் பாகங்கள் தபாலில் வந்துவிடும். வராதவை உடல் தகடுகள், வந்தாலும் அனுப்பும் செலவு பொருளை மிஞ்சும். ஆகவே எஞ்சின் சரியில்லாவிட்டாலும் துருப்பிடிக்காத காரை வாங்குங்கள். நேர்மாறானதை வாங்காதீர்கள். முன் கண்ணாடியின் அடிப்பகுதி, பின் கண்ணாடியின் கீழ்விளிம்பு, தரைத் தகடு, சக்கரங்களுக்குப் பின்னால் உள்ள மூலைகள், இந்த இடங்களில் விரலால் தட்டிப் பாருங்கள். கூட்டு உடல் என்பதால் தரை போனால் காரே போனதுபோல. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த கார்களில் இருக்கையும் டாஷ்போர்டும் வெயிலில் வெடித்திருக்கும், தகடு கெட்டியாக இருக்கும். சுவிட்சர்லாந்தின் பீல் நகரத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பூட்டிய கார்வேர்களும் சந்தையில் தலைகாட்டும். எனக்கு அவைமேல் தனிப் பிரியம் உண்டு, ஆனால் குளிர்காலச் சாலையுப்பில் ஓடியவையா என்று விசாரிக்காமல் காசை நீட்டாதீர்கள். அங்குல அளவு ஸ்பானர்களும் ஒரு தொகுதி வேண்டும். மெட்ரிக் ஸ்பானரால் திருகி மூலை மழுங்கிய போல்ட்டுகள், முந்தைய உரிமையாளர் எப்படிப்பட்டவர் என்பதற்குச் சாட்சி.

அரசாங்க விஷயம் சுலபம். முப்பது வயதைத் தாண்டி, அசல் தோற்றத்தோடு நல்ல நிலையில் இருந்தால் ஜெர்மனியில் பழமையான கார்களுக்குத் தரும் 'எச்' எண்பலகை கிடைக்கும். ஆண்டு வரி 191.73 யூரோ. அது இல்லாமல் பிற்காலக் கார்வேரின் 2.7 லிட்டர் எஞ்சினுக்குக் கட்ட வேண்டியது அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். நகரங்களின் சுற்றுச்சூழல் மண்டலத்துக்குள்ளும் நுழையலாம். முன்விளக்கை ஐரோப்பிய வகைக்கு மாற்றியிருக்கிறார்களா, முந்தைய தகுதிச் சான்று இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 98 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். 110 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின்களுக்கு அது தேவை, எத்தனால் குறைவு என்பதால் பழைய ரப்பருக்கும் நல்லது. ஈயமில்லாத பெட்ரோலால் கெடுதல் இல்லை, வால்வு இருக்கைகள் தொடக்கத்திலிருந்தே கடினமான தனி வளையங்கள்.

எதை வாங்குவது? 1965 அல்லது 1966, இரண்டு கதவு, 110 குதிரைத்திறன், நான்கு கியர். டர்போ வேண்டும் என்று மனம் துடிக்கும், 1962லேயே டர்போ போட்டு விற்ற கார் என்ற பெருமை சின்னதல்ல. ஆனால் முதல் கார்வேராக அது வேண்டாம், கார்புரேட்டரும் டர்போவும் சேர்ந்து சரியாக வேலை செய்ய வைக்கத் தெரிந்தவர்கள் இங்கே அரிது. பிள்ளைகள் இருந்தால் நான்கு கதவு வகையைப் பாருங்கள். விலை இன்னும் குறைவு, பின்னிருக்கையில் கால் நீட்ட இடமுண்டு.

ஆல்ப்ஸ் தாராளமாக ஏறும். கொதிக்கத் தண்ணீர் இல்லாத கார் அது. கோடை நாளில் பிரென்னர் கணவாய்ச் சாலையில் மற்றவர்கள் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் மேலே போய்விடலாம். ஏறும்போது கீழ் கியரில் வைத்து விசிறியை வேகமாகச் சுழலவிடுங்கள், உயர் கியரில் திணறவிட்டால்தான் சூடேறும். இறங்கும்போது அதிக எச்சரிக்கை வேண்டும். நான்கும் டிரம் பிரேக், சூடானால் பிடி தளரும், பவர்கிளைடு பெட்டியென்றால் எஞ்சின் தடுப்பும் பெரிதாக இருக்காது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். முன்பெட்டியில் மாற்று பெல்ட் இரண்டு, அதை மாட்டத் தேவையான ஸ்பானர், ஒரு லிட்டர் எண்ணெய். கிளம்புவதற்கு முன் வீட்டு முற்றத்தில் ஒருமுறை பெல்ட்டைக் கழற்றி மாட்டிப் பழகிவிடுங்கள். நெடுஞ்சாலை ஓரத்தில், லாரிகள் உரசிப்போகும்போது, முதன்முறையாகக் கற்றுக்கொள்ளும் வேலையல்ல அது.